கிழக்குப் பங்கு

எக்ஸ்போர்ட்டா? இருக்கு அண்ணாச்சி, ஏன் இல்லாம? உக்காருங்க. சிபியூவ அந்த ஸ்டூல் மேல வைங்க. தரையில வேண்டாம், எறும்பு கிடக்கு.

ஒங்க மண்டபத்துல இருக்கது நான் போட்டுக் குடுத்த பழைய 'விலாசம்' புரோகிராம். அதுல பேரையெல்லாம் மொத்தமா வெளிய எடுக்கிற எக்ஸ்போர்ட் பட்டன் வெளிய தெரியாது, உள்ள மறைச்சு வச்சிருக்கேன். வேணுங்கிறவங்க இங்க கொண்டு வந்தா நானே கைப்பட எடுத்துக் குடுப்பேன். வாடிக்கைக்காரன் ஓடிப் போயிருவான்னு பயம் போலன்னு நீங்க நினைக்கது மூஞ்சியிலயே தெரியுது. அதில்ல. பட்டன்னு ஒண்ணு கண்ணுல பட்டா யாருனாலும் அமுக்கிப் பாப்பாக. அமுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான்.

எல்லாப் பேரையும் போன்ல ஏத்தணும், அம்புட்டுதானே? ஏத்திரலாம். சங்கரன்கோயில்னா சொன்னீக? ரத வீதிப் பக்கமா. அப்பம் ஒங்க மண்டபத்துல சமையலுக்கு யாரு வாராக?

தவசியா.

இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். நல்ல கை அவருக்கு. அவரு என் மாப்பிள்ளைதான். எங்க ஆவுடைய அங்கதான் குடுத்திருக்கு. ஆவுடை என் தங்கச்சி, கூடப்பிறந்தவ. பாத்திருப்பீகளே, புக்கிங் எல்லாம் அவதான் எடுக்கான்னு கேள்வி.

ஒங்க டிஸ்க் முனங்குது, கேக்குதா? இதுக்கு மேல ஓட்டினா படுத்துரும். நல்ல வேளை, இப்பமே கொண்டு வந்தீக. இந்தா, ஆரம்பிச்சுட்டேன். ஒவ்வொரு பேரா படிச்சு, ஃபைல்ல எழுதும். அந்தக் கோடு முழுசும் பச்சையாகணும். நேரம் ஆகும். டீ சொல்லட்டுமா? சரி, வேண்டாம்னா விடுங்க. பட்டன ஏன் மறைச்சேன்னு கேட்டீகள்லா, சொல்லுதேன்.

ஒங்களுக்கே தெரியும், நம்ம புரோகிராம்ல பேரு, ஊரு, போன் நம்பர், வீட்டுல அடுத்த விசேஷம் எப்பம் வரும், எல்லாம் அடிச்சு வச்சிக்கிடலாம். பொங்கலுக்கும் தீவாளிக்கும் எல்லா நம்பருக்கும் மொத்தமா எஸ்.எம்.எஸ். போகும். ஒரு காலத்துல இந்த வட்டாரத்துல விலாசம் இல்லாத கடை கிடையாது, நானே சொல்லக்கூடாது. ஆனா அப்பம் அதுல எக்ஸ்போர்ட் கிடையாது. உள்ள போன பேரு உள்ளயேதான். கட்டிக் குடுத்த பொண்ணு மாதிரி, போன எடத்துல இருக்கணும். அதுதான் பாதுகாப்புன்னு நான் வச்சிருந்தேன்.

ஆவுடைக்குத் தல தீவாளி வந்துச்சு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும்னாக. நான் மோதிரம் போடல, கம்ப்யூட்டர் வாங்கி விலாசத்த ஏத்திக் குடுத்தேன். எங்கம்மா வாயில அடிச்சுக்கிட்டா. நான் கேக்கேன், மோதிரம் சோறு போடுமா? அந்தக் கம்ப்யூட்டர் போட்டுச்சு அண்ணாச்சி. அவுக அப்பா காலத்துல வாடிக்கை வீட்டு நம்பரெல்லாம் அடுக்களைச் செவுத்துல கரிக்கட்டையில எழுதிக் கிடக்கும். வெள்ளையடிக்கணும்னா வீடே பதறும். அதையெல்லாம் நான்தான் உக்காந்து அடிச்சு ஏத்தினேன். அந்த வீட்டுக்கு நான் பண்ணினது கொஞ்ச நஞ்சமில்ல.

வாடிக்கை வீடுன்னா ஒங்களுக்குத் தெரியாததா. ஒரு வீட்டுல அப்பனுக்குச் சமைச்சவன்தான் மகன் கல்யாணத்துக்கும் சமைப்பான், பேரன் காதுகுத்துக்கும் சமைப்பான். வேற ஆள வச்சா ஊரு என்னன்னு கேக்கும். சமையக்காரனுக்கு நெலம் நீச்சு எல்லாமே அந்த வீடுகதான்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவரு மந்திரமூர்த்தி, அவரு வீட்டுக்காரி பிரம்மு. இளையவரு தவசி, எங்க ஆவுடை. அப்பா போன பொறவும் ஒண்ணாத்தான் காண்ட்ராக்ட் எடுத்தாக, ஒண்ணாத்தான் இருந்தாக. நீட்டு வீடு, ஒரே அடுக்களை. ஓரகத்தி ரெண்டு பேரும் அப்படி ஒத்துமை. எங்க ஆவுடைக்குத் தலை பேன் பாக்கது பிரம்முதான். எனக்கே பொறாமையா இருக்கும்னா பாத்துக்கிடுங்க. அங்க போனா என்னை வாண்ணேன்னு சொல்லிட்டு அவகூடப் போயி உக்காந்துக்கிடுவா.

பொறவு பிரியணும்னு வந்துச்சு. சண்டை கிடையாது. பிள்ளைக பெருசாயிட்டு, ஆளுக்கொரு அடுப்பு இருந்தா நல்லதுன்னு மூத்தவரே சொன்னாரு. வீட்டுக்கு நடுவுல செவுரு வச்சாச்சு. அதுல ஒரு கதவு மட்டும் விட்டாக, நடுக்கதவு. பொம்பளைகளுக்காக விட்டது. அவுக அப்பா பிடிச்ச பெரிய கரண்டி ஒண்ணு இருந்துச்சு. அண்டா, குண்டா, சருவம் எல்லாம் பங்கு வச்சவங்க கரண்டிய மட்டும் பங்கு வைக்கல, நடுக்கதவு நிலையில மாட்டிட்டாக. ரெண்டு பேருக்கும் பொது.

மாட்டிட்டு மூத்தவரு ஒண்ணு சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். சத்தமா சொல்லல, எப்பமும் போலத்தான் சொன்னாரு. "ஒருத்தன் வாடிக்கையில இன்னொருத்தன் கைய வச்சான்னு தெரிஞ்சிது, அன்னைக்கே இந்தக் கதவ எடுத்துட்டு செங்கல் வச்சிருவேன். அது நானா இருந்தாலும் சரி."

சொல்லிட்டாரு. இனி வீடுகளப் பங்கு வைக்கணும். வீடுக பூரா எங்க இருக்கு? என் புரோகிராம்ல இருக்கு. வெளிய எடுக்க வழியில்ல. அதனால மூத்தவரு என்னத் தேடி இந்தக் கடைக்கு வந்தாரு. நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்தாரு.

அவுக வழக்கத்துல மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் எடுக்கணும். மூத்தவன் ஒரு பக்கம் கூட்டி வச்சான்னா இளையவன் அதத் தூக்கிட்டுப் போயிருவான். அதனால மூத்தவன் சரியா வைப்பான். அவரு கேட்டது இதுதான்: கம்ப்யூட்டர்ல வீடுகள ரெண்டா குறிக்கணும், ரெண்டு ஃபைலா வெளிய வரணும், வெளிய வந்த பேரு பழைய எடத்துல மிச்சம் இருக்கக்கூடாது. கடைசியாச் சொன்னதுதான் எனக்குப் புரியல. அத்தான், இது அரிசி மூட்டை இல்ல, எடுத்தா குறையாது, ரெண்டு பேருகிட்டயும் முழுசா இருக்கலாம், காப்பிதானே அப்படின்னேன். அவரு என்னையே பாத்தாரு. "ரெண்டு பேருகிட்டயும் முழுசா இருந்தா அதுக்குப் பேரு பங்கா?"ன்னு கேட்டாரு.

பழைய காலத்து ஆளு.

எக்ஸ்போர்ட் எழுத உக்காந்தேன். லேசுன்னு நினைச்சேன், ஆனா உயிர வாங்கிருச்சு. மொதல்ல எடுத்த ஃபைல்ல தமிழ் பூராவும் கேள்விக்குறியா வந்துச்சு. ஒரு வீட்டுக்கும் பேரில்ல. அதச் சரி பண்ணினா நம்பருக்கு முன்னால இருக்க சைபரெல்லாம் ஓடிப் போச்சு. அப்பம் பாதி வீட்டுக்கு செல் நம்பரோட வீட்டு போன் நம்பரும் கிடக்கும்லா, சைபர் இல்லாம எங்க போயி விழும்? நாள் குறிச்சாச்சு, இங்க வேலை முடியல. மூத்தவரு தினமும் போன் போடுவாரு. திட்ட மாட்டாரு, ஆச்சான்னு மட்டும் கேப்பாரு. அது திட்டுறதவிட மோசம்.

பங்குக்கு முந்தின நாள்தான் வேலை முடிஞ்சு கொண்டு போனேன். ஆவுடை என்ன வாசல்லயே மறிச்சா. காப்பித் தண்ணி கூட குடுக்கல. "அண்ணே, ஆளுக்குப் பாதின்னா பாதி. கதவு திறந்து இருக்கும்னு பெரிய அத்தான் சொல்லியிருக்காக. எனக்கு அது போதும். நீ ஒண்ணும் சூட்டிகையாப் பண்ணிராத"ன்னா. என்ன அப்படி...

...

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. திரையில ஒரு பேரு ஓடுச்சு, அதப் பாத்தேன். மெதுவாத்தான் போகுது. இப்பம்தான் 'இ' வரிசைக்கு வந்திருக்கு.

என்ன சொன்னேன்? ஆங், சூட்டிகை. எனக்குக் கோவம்தான். சின்னதுல இருந்து அவளுக்கு நான் பண்ணாததா? பள்ளிக்கூடத்துல அவளுக்குக் கணக்கு வராது, நான்தான் போட்டுக் குடுப்பேன். வாத்தியாரு கண்டுபிடிச்சு அவள முட்டி போட வச்சாரு, அது வேற கதை. ஆனா போட்டுக் குடுத்தது யாரு? நான்தானே.

மறுநா பங்கு. மூத்தவரு குளிச்சிட்டு, திருநீறு பூசிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தாரு. மவுசு நான் பிடிச்சிருந்தேன். அவரு ஒவ்வொரு வீடாச் சொல்லச் சொல்ல நான் டிக் போடணும். ஒரு ஃபைலுக்குக் கிழக்கு, இன்னொண்ணுக்கு மேற்கு. எந்த ஃபைலு யாருக்குன்னு அப்பம் தெரியாது. தவசி கைய கட்டிட்டு நிலைகிட்ட நின்னாரு. ஆவுடையும் பிரம்முவும் நடுக்கதவுல, ஆளுக்கொரு பக்கம். மூத்தவரு ரைஸ்மில் வீடு கிழக்குன்னாரு. அதுக்கு ஈடா வக்கீல் வீடும் அவுக அண்ணன் வீடும் மேற்குன்னாரு. பிள்ளை இல்லாத வீட்டையெல்லாம் சரிபாதியாப் பிரிச்சாரு, ஏன்னா அங்க இனி விசேஷம் குறைவு. நான் ஒவ்வொரு டிக்கையும் ரெண்டு மட்டம் பாத்துத்தான் அமுக்கினேன். ஒரு டிக் மாறினா ஒரு குடும்பத்துச் சோறு மாறிப் போகும்லா.

நடுவுல புளியங்குடி வீடு வந்துச்சு. அது பிரம்முவோட பெறந்த வீடு. அவ தங்கச்சி ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கா. மூத்தவரு அதப் பங்குல சேக்காம தனக்குன்னு ஒதுக்கியிருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. அவரு ஒதுக்கல. கிழக்குல போடுன்னாரு. பிரம்மு மொகத்த நான் பாத்தேன். தம்பி கிழக்க எடுத்தா அவ தங்கச்சி கல்யாணத்துக்கு அவ புருசன் கரண்டி பிடிக்க முடியாது.

முடிஞ்சது. "எடு"ன்னாரு தம்பியப் பாத்து.

கிழக்குதான் கனம். அது எனக்கே தெரிஞ்சது. ரைஸ்மில் வீட்டுல மட்டும் வரிசையா கல்யாணம் கிடக்கு. தவசிக்குத் தெரியாதா? தெரியும். அவரு புளியங்குடி வீட்ட நினைச்சாரு. அண்ணியப் பாத்தாரு, எனக்கு மேற்கு போதும்னுட்டாரு. பிரம்மு அப்படியே முந்தானைய வாயில வச்சு அழுதா. எங்க ஆவுடையும் அவளக் கட்டிப் பிடிச்சு அழுதா. மூத்தவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு, அவருக்கும் கண்ணு கலங்கியிருக்கும்.

எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் வயித்தெரிச்சல். என்ன மனுசன் அண்ணாச்சி? எடுன்னு சொன்ன பொறவும் லேசானத எடுப்பானா? எங்க வீட்டுப் பொண்ண வச்சிருக்கான்லா? அவ பிள்ளை குட்டிக்கு யாரு பாப்பா?

பழைய கம்ப்யூட்டர் மூத்தவருக்கு. தவசிக்குப் புதுசு ஒண்ணு வாங்கி, மேற்கு ஃபைல நான்தான் ஏத்தணும். ஏத்தினேன். கிழக்கு ஃபைலும் என் பென்டிரைவ்ல இருந்துச்சு. மூத்தவரு அழிச்சிரச் சொல்லியிருந்தாரு. அழிக்கப் போனேன், கை வரல. கையில இருக்கத ஏன் அழிக்கணும்? யாருக்கு என்ன நட்டம்? மூத்தவருகிட்ட இருக்கது அப்படியே இருக்கு, ஒரு வீடு குறையல. கிழக்கையும் ஏத்தி, மறைவுன்னு ஒரு தொகுதி உண்டாக்கி அதுக்குள்ள போட்டுட்டேன். தொறந்தா கண்ணுக்குத் தெரியாது. ஆத்திர அவசரத்துக்கு உதவும். தவசிகிட்டயும் சொல்லல, ஆவுடைகிட்டயும் சொல்லல. சொன்னா வேண்டாம்பாக. காப்பிதானே. அண்ணன்னா அப்படித்தான், சொல்லாமச் செய்யணும்.

அதுக்குப் பொறவு ரெண்டு அடுப்பும் நல்லாத்தான் எரிஞ்சது. கதவு சாத்தவே இல்ல. அந்தப் பக்கம் கொழம்பு கொதிச்சா இந்தப் பக்கம் கிண்ணத்துல வரும். புளியங்குடி கல்யாணமும் தை மாசம்னு குறிச்சாச்சு.

பொங்கல் வந்துச்சு. வருசாவருசம் ஆவுடைக்குப் பொறந்த வீட்டுச் சீரு, பொங்கப்படி, நான்தான் கொண்டு போவேன். கரும்பு, மஞ்சக்கொலை, பச்சரிசி, வெல்லம், பானை. அந்த வருசமும் கொண்டு போயி நடுவீட்டுல எறக்கி வச்சேன். ஆவுடை வாயெல்லாம் பல்லு. பிரம்மு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பாத்து, ஒங்க அண்ணன் கரும்பு என்ன இம்புட்டு ஒல்லின்னு கேலி பண்ணினா. தவசி கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தாரு. எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்பப் போறேன் மச்சான், எப்படின்னு ஒரு மட்டம் சொல்லுங்கன்னாரு. நான் சொல்லிக் குடுத்தேன். அவரு அமுக்கினாரு.

அந்த எஸ்.எம்.எஸ். அனுப்புற பகுதி நான் ரொம்ப முன்னால எழுதினது அண்ணாச்சி. மறைவுத் தொகுதியெல்லாம் அப்பம் கிடையாது. அதனால அது எதையும் பாக்காது, இருக்க நம்பருக்கெல்லாம் அனுப்பிரும். அது ஒரு சின்னப் பிழைதான். எந்தப் புரோகிராம்ல பிழை இல்ல?

பொங்கல் வாழ்த்து, ஒங்கள் இல்ல விசேஷங்களுக்கு அணுகவும் தவசி சமையல். அது ரைஸ்மில் வீட்டுக்குப் போச்சு. கிழக்குல இருக்க அத்தனை வீட்டுக்கும் போச்சு. புளியங்குடிக்கும் போச்சு. பிரம்முவோட அப்பா வாசிச்சிட்டு மருமகனுக்குப் போன் போட்டுட்டாரு. ஒந்தம்பி எங்க வீட்டுக்கே ஆள் பிடிக்க வந்துட்டானே, இந்தக் கல்யாணத்துக்கு நான் யாரச் சொல்லன்னு.

மூத்தவரு நடுக்கதவு வழியாத்தான் வந்தாரு. கையில போன். பானையில பால் பொங்கப் போற நேரம். தம்பிகிட்ட போன நீட்டினாரு. தவசி வாசிச்சாரு, ஒண்ணும் புரியாம மறுபடி வாசிச்சாரு. நான் புளியங்குடிக்கு அனுப்பலண்ணே, அந்த நம்பரே என்கிட்ட கிடையாதுண்ணேன்னாரு.

"கிடையாதா?"

"கிடையாது."

மூத்தவரு திரும்பி நிலையில இருந்து கரண்டிய எடுத்தாரு. தம்பி முன்னால நீட்டினாரு. "அப்பா கரண்டி. தொட்டுச் சொல்லு"ன்னாரு.

தவசி யோசிக்கவே இல்ல. ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. எங்கப்பா மேல சத்தியமா மேற்கத் தவிர ஒரு வீடு என்கிட்ட கிடையாதுன்னு சொல்லிட்டாரு. அப்படி ஒரு வேகம். நான் ஒரு வார்த்தை சொல்லத் தொண்டை வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டாரு. அப்பம் மூத்தவரு என் பக்கம் திரும்பி, நீதானே எழுதின, தொறந்து காட்டுன்னாரு.

என்ன பண்ணுவேன்? தொறந்தேன். அனுப்பின நம்பர் பூராவும் ஒரு எடத்துல வரும். வந்துச்சு. ரைஸ்மில் வந்துச்சு, புளியங்குடி வந்துச்சு, வரிசையா ஓடுது. தவசி கரண்டிய இன்னும் பிடிச்சிட்டுத்தான் நிக்காரு. அப்பன் மேல பொய்ச் சத்தியம் பண்ணினவன் ஆயிட்டாரு, கண்ணு முன்னால. பானையில பால் பொங்கி அடுப்புல வழியுது. குலவை போட ஆளில்ல.

ஆவுடை என்னப் பாத்தா. கொஞ்ச நேரம்தான் பாத்தா. அந்தப் பார்வை எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நான் தரையப் பாத்தேன். பெரியவங்க பேசுற எடத்துல நான் எப்படிக் குறுக்க பேச? சம்பந்தி வீட்டு ஆளு நான்.

அவ நேரா மூத்தவரு முன்னால போயி நின்னா. "அவுகளுக்குத் தெரியாது அத்தான். அவுக சத்தியம் பொய்யில்ல. நான்தான் எங்கண்ணன்கிட்ட கேட்டு வாங்கி வச்சேன்."

பாத்தீகளா அண்ணாச்சி? என்ன விட்டுக் குடுக்கலல்லா? எங்க கூடப்பிறந்த பாசம் அப்படி. என்னக் காப்பாத்த அவ தலையில போட்டுக்கிட்டா.

மூத்தவரு அவளத் திட்டல. கரண்டிய தம்பி கையில இருந்து வாங்கினாரு. தவசி அவள ஏறிட்டும் பாக்கல. பிரம்மு மட்டும் நடுக்கதவுல நின்னு, "நீயாடி?"ன்னு கேட்டா. ஆமாக்கான்னா எங்க ஆவுடை. அப்படிப் பொய் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்துச்சோ. பிரம்மு உள்ள போயிட்டா.

மறுநாளே செங்கல் வந்து எறங்கிருச்சு. சொன்னா சொன்னபடி செய்யுற ஆளு. பூச்சுக்கூட பூசல, சும்மா செங்கலா அடுக்கி அடைச்சாராம்.

ஒரு வாரம் கழிச்சு பஸ்ல ஒரு பார்சல் வந்துச்சு எனக்கு. பொங்கப்படி. அப்படியே திரும்பி வந்திருக்கு. மஞ்சக்கொலை வாடிப் போயி, பானை வாயில சுத்தின மஞ்சக்கயிறு அவுக்காம. ஒரு அண்ணன் குடுத்தத எந்தத் தங்கச்சியாவது திருப்பி அனுப்புவாளா? நான் போன் போட்டேன், எடுக்கல. பொறவு நம்பரே இல்லன்னு வந்துச்சு. மாத்திட்டா. நேர்ல போனேன், கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள ஆள் நடமாட்டம் கேக்குது. சொந்தக்காரங்ககிட்ட கேட்டா, ஒனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னாக. எனக்கா? எல்லாருக்கும் விலாசம் எழுதிக் குடுத்தவன் நான்.

நான் பண்ணினதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. எதையாவது எடுத்தேனா? எதாவது குறைஞ்சதா? கிழக்குல ஒரு வீடு குறைஞ்சிருந்தா என்னக் கேளுங்க. அந்த எஸ்.எம்.எஸ். பகுதிய அன்னைக்கே திருத்திட்டேன், இப்பம் மறைவுல இருக்கதுக்குப் போகாது. அவ ஒரு வார்த்தை பேசினா அதச் சொல்லியிருப்பேன். ஆனா அந்தப் பட்டன வெளிய வைக்க மனசு வரல. யாரு அமுக்குவா, எந்த வீட்டுல செங்கல் எறங்கும்னு யாருக்குத் தெரியும்.

அந்தச் செங்கல் மட்டும்தான் எனக்குப் பாரம். பாவம், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரெண்டு பொம்பளைக. இன்னும் அப்படியேதான் கிடக்கோ என்னவோ. ஒங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல.

என்னது?

யாரு, ரெண்டு பேருமா? தவசிகூட அவரு அண்ணனா வந்தாரு ஒங்க மண்டபத்துக்கு? ஒசரமா, நெத்தி நெறைய திருநீறா? போன முகூர்த்தத்துக்கா? சரியாப் பாத்தீகளா அண்ணாச்சி?

கரண்டியா. பெரிய கரண்டி ஒண்ண ரெண்டு பேரும் சாமி கும்பிட்டு அண்டாவுல எறக்கினாக. ம்.

அப்பம் பிரம்முவும் எங்க ஆவுடையும்... ஒரே கூடை முருங்கைக்காய நடுவுல வச்சு நறுக்கிட்டு இருந்தாக. சிரிச்சிட்டு. சரி. அட்வான்ஸ் குடுக்க வீட்டுக்குப் போனீகளா? நடுவுல செவுத்துல... கதவு இருக்கா. புதுக் கதவு. எப்பம் வச்சாக? மூணு வருசம் ஆகுமா.

எனக்கு யாரும் சொல்லல.

நல்லதுதான். நல்லதுதானே அண்ணாச்சி. சேந்துட்டாக. நான் சொன்னேன்லா, காப்பியில எதுவும் கெட்டுப் போகாதுன்னு. சேந்துட்டாக. பொங்கலுக்கு இப்பம் யாரு படி கொண்டு போறா அவளுக்கு? ஒங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சரி.

ஆயிருச்சு. பாருங்க, கோடு முழுசும் பச்சை. ஒரு பேரு விட்டுப் போகல, சைபர்கூட ஓடல. போனக் குடுங்க, ஏத்தித் தாரேன்.

முன்னாடி ஒரு பேரு ஓடுச்சுன்னு நிறுத்தினேன்லா? 'ஆ' வரிசையில. ஆவுடை, தவசி சமையல் புக்கிங். பக்கத்துல நம்பர். நான் முழுசாப் பாக்கல, கண்ண எடுத்துட்டேன். நீங்க நம்பணும். இப்பமும் இங்க, இந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு, நான் தொறந்தா தெரியும். ஒங்ககிட்ட கேக்காம தொறக்கக்கூடாதுன்னுதான் கேக்கேன்.

அந்த ஒரு நம்பர் மட்டும் அண்ணாச்சி. யாரு குடுத்தான்னு சொல்ல மாட்டேன். போன்கூட போட மாட்டேன், சும்மா என்கிட்ட இருக்கட்டும். ஒங்ககிட்ட இருந்து ஒண்ணும் குறையாது.

காப்பிதானே.